புறாமலைப் பயணமும் நம்ம ஐம்பது ரூபாக் கணக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. முக்கியமாகக் குடும்பத்தோடு கடல் பயணம் போக நினைத்திருக்கிற வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

போன லீவுக்கு நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து புறாமலைக்குப் போனோம். சின்னவர் பெரியவர் எல்லாம் சேர்த்து இருபது பேர். நிலாவெளிக் கரையில் இறங்கினதும் படகுக்காரத் தம்பி ஆட்களை எண்ணிப் பார்த்தார். "ரெண்டு போட் வேணும், ஒன்றில பத்துப் பேருக்கு மேல ஏத்த மாட்டேன்" என்றார். அந்த இடத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். பேரம் பேசினோம். "ஏழு பேர் சின்னப் பிள்ளைகள் தானே தம்பி, மடியில வச்சிக்கலாம்" என்றோம். "நாங்க கடல் தெரியாத ஆக்களா, கிண்ணியாக்காரர்" என்றோம். எங்களில் ஒருவர் கொஞ்சம் குரலையும் உயர்த்தினார்.

அந்தத் தம்பி மசியவில்லை. "சேர், காசு வேணாம், நீங்க வேற போட் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

கடைசியில் இரண்டு படகில்தான் போனோம். நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பினோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. நாங்கள் எந்த ஊர்க்காரர் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருந்தது.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணியில் நடந்ததை மறந்தவர் நம்மில் யாரும் இல்லை. பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் படகுப் பாதையில் கடந்துகொண்டிருந்த காலம் அது. பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் உட்பட ஆறு பேரை அன்றே இழந்தோம். அது ஆழ்கடல் கூட இல்லை. நம் கண்ணுக்கு எதிர்க்கரை தெரிகிற களப்பு. அந்த ஜனாஸாக்களுக்கு நின்ற நாம்தான், இன்று பொழுதுபோக்குக்காகப் போகும்போது "மடியில வச்சிக்கலாம்" என்று பேரம் பேசினோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் கருத்து இதுதான். கடல் பயணத்துக்குப் போடுகிற பட்ஜெட்டில் பாதுகாப்புதான் முதல் வரியாக இருக்க வேண்டும். நாம் போடுகிற கணக்கில் அது கடைசி வரியாகக் கூட வருவதில்லை.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். "இந்த விலைவாசியில் படகுப் பயணம் எல்லாம் தேவையா? இஸ்ராஃப் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடன்பட்டு, வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்துப் போனால் அது வீண்விரயம்தான். அப்படிப் போக வேண்டாம் என்பதே எங்கள் சொல்லும். ஆனால் ஒரு கலியாண வீட்டின் மேடைச் சோடனைக்கு ஒரே இரவில் போகிற காசை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கு போதும், நாலு குடும்பம் ஒரு முழு நாளைக் கடலில் கழித்துவிட்டு வரலாம்.

நம்ம பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உலகத்தில் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் நாம் வாழ்கிறோம். மகாவலி இலங்கையின் நடுவே ஓடி வந்து நம்ம கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. துறைமுக வாய்க்கு வெளியே கடலுக்கு அடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் நீலத்திமிங்கிலங்கள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம்ம வகுப்பறையில் "திமிங்கிலம் பார்த்தவர் யார்?" என்று கேட்டால் கை உயர்த்த ஆள் கிடைப்பது கஷ்டம். யூடியூபில் பார்த்ததாகச் சொல்வார்கள்.

நம்ம மூத்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை துறையடியில் பாதைக்குக் காத்து நின்ற தலைமுறை அவர்கள். மூதூர் ஆட்களுக்கு லாஞ்சிதான் பஸ். யுத்த காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் கடல் வழியாகவே போய் வந்தார்கள். அவர்களுக்குக் கடல் தேவையாக இருந்தது. நமக்குக் கடல் செல்ஃபி எடுக்கிற இடமாகிவிட்டது. பயமும் போய்விட்டது, பழக்கமும் போய்விட்டது. இரண்டும் இல்லாமல் கடலில் இறங்குவதுதான் ஆபத்து.

இப்போது கணக்குக்கு வருவோம்.

இந்த நாட்களில் பிள்ளைகளின் ஃபோனில் கிரேக்கத் தீவுகளைச் சுற்றுகிற பாய்ப்படகு வீடியோக்கள் நிறைய வருகின்றன. வெள்ளைப் படகு, நீலக் கடல். அந்த இரட்டை உடல் படகுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயரே நம்ம 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். துருக்கியில் நம்மைப் போன்ற முஸ்லிம் குடும்பங்களும் மரப்படகை வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகச் சுற்றுகிறார்கள். அது நமக்கு எட்டாத பணம், அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் அவர்கள் பட்ஜெட் போடுகிற முறையிலிருந்து படிக்க வேண்டியது இருக்கிறது.

அங்கே பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை வாரக் கணக்கில் படகு எடுக்கிறார்கள். விளம்பரத்தில் இருக்கிற தொகை படகின் வாடகை மட்டும்தான். எரிபொருள், ஒவ்வொரு துறையிலும் கட்டும் பணம், சாப்பாடு, கடைசியில் படகைக் கழுவுகிற கூலி எல்லாம் தனி. ஓட்டத் தெரிந்தவர் இல்லாவிட்டால் ஓட்டுநர் சம்பளமும் தனி. படகுக்குச் சேதம் வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு வைப்புப் பணமும் கட்ட வேண்டும். ஆட்களோடு எடுக்கிற பெரிய படகுகளில், வழிச் செலவுக்கென்று வாடகையில் 20 முதல் 35 வீதம் வரை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். அதனால் அனுபவம் உள்ளவர்கள் "வாடகை எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்துவதில்லை. "திரும்பி வீட்டுக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பது படகின் பத்திரத்திலேயே இருக்கும். அது பேரத்துக்கு வராது.

அதே முறையில் நம்ம பயணத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ளவை முறை விளங்குவதற்காக நாங்கள் வைத்துக்கொண்ட உதாரணத் தொகைகள். இன்றைய விலை அல்ல. உண்மையான விலையை நீங்களே விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு குடும்பம், 20 பேர்.
சின்ன பஸ், போக வர: 20,000
படகு இரண்டு, ஒன்றுக்கு 10,000 வீதம்: 20,000
பூங்கா டிக்கெட்டும் கட்டணங்களும்: 10,000
வீட்டில் சமைத்துக் கொண்டுபோகிற சாப்பாடு, தண்ணீர், பழங்கள்: 20,000
முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளின் அளவுக்கு ஜெக்கெட் தேடி எடுக்கிற செலவு: 3,000
எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குவது: 7,000
மொத்தம் 80,000. ஆளுக்கு 4,000. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 20,000.

20,000 என்றதும் தலை சுற்றும். அதனால்தான் கரையில் போய் நின்றுகொண்டு படகில் குறைக்கப் பார்க்கிறோம். ஆனால் நம்ம வீட்டுப் பெண்களுக்கு இதற்கு வழி தெரியும். சீட்டு. பத்து மாதத்துக்கு முன்பே தொடங்கினால் குடும்பத்துக்கு மாதம் 2,000. கூட்டுகிறவரிடம் ஒரு கொப்பி, மாதாமாதம் வாட்ஸ்அப்பில் கணக்கு. கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

இப்போது அந்த இரண்டாவது படகை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதை வெட்டினால் மிச்சம் 10,000. இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 500. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50 ரூபா.

ஐம்பது ரூபா. ஒரு பிளேன்டீக் காசு. அதை மிச்சம் பிடிக்கத்தான் நாங்கள் அன்று அந்தக் கரையில் நின்று ஒரு நல்ல மனிசனோடு சண்டை பிடித்தோம். இதே கணக்கை வீட்டில் வைத்து, பேப்பரில் எழுதிப் பார்த்திருந்தால் எங்களில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். கரையில் நிற்கும்போது பத்தாயிரம் பெரிதாகத் தெரிகிறது. திட்டம் போடாமல் போனதன் பலன் அது.

அடுத்தது காலம். எத்தனை காசு இருந்தாலும் காலம் பிழைத்தால் பயணம் பிழைக்கும். கிழக்குக் கரைக்கு மே தொடக்கம் செப்டம்பர் வரைதான் அமைதியான கடல். நவம்பர் தொடங்கி வாடைக் காற்றும் மழையும். 1659 நவம்பரில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்கு வந்து ஒதுங்கியது. அதில் வந்த ரொபட் நொக்ஸ் பிடிபட்டுப் பத்தொன்பது வருடம் கண்டி அரசனின் கைதியாக இருந்த கதை மூதூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பாய்மரக் கப்பலையே முடக்கிய மாதம் அது. நம்ம ஃபைபர் படகு எம்மாத்திரம்?

நமக்கு உள்ள சிக்கல், நாட்டில் பலருக்கும் டிசம்பரில் நீண்ட லீவு வருவது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உறவுகள் வருவதும் அப்போதுதான். "வந்த இடத்தில் ஒரு படகு ஓட்டம்" என்ற ஆசையும் அப்போதுதான் வரும். அந்த மாதத்தில் கோணேஸ்வரம் பக்கமோ கன்னியாப் பக்கமோ கூட்டிப் போங்கள், கடலில் இறக்காதீர்கள். நம்ம பாடசாலைகளுக்கு நோன்பு லீவு இருக்கிறது, ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் கடல் போவது சரிவராது. எங்கள் யோசனை, இந்த ஓரிரு வருடங்களாக ஹஜ்ஜுப் பெருநாள் மே கடைசி, ஜூன் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. பெருநாளும் குர்பான் வேலையும் முடிந்த அடுத்த கிழமை நல்ல காலம். இல்லாவிட்டால் ஓகஸ்ட்.

நல்ல மாதத்திலும் நல்ல நேரம் என்று ஒன்று இருக்கிறது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தட்டையாக, பாய் விரித்த மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால்தான் அது படகை வெளியே தள்ளுவது தெரியும். காற்று நிரப்பின டியூபில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கரையில் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் தீவுக்குப் போய், ளுஹருக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். தொழுகையும் தவறாது, காற்றும் பிடிக்காது.

புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களம் கடல் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை இருந்தால் அன்று பயணம் இல்லை. முற்பணம் கட்டும்போதே, "காலநிலை சரியில்லாவிட்டால் வேறு நாள் தருவீர்களா, காசைத் திருப்பித் தருவீர்களா?" என்று கேட்டு, அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி வாங்குங்கள். கட்டின காசு போய்விடுமே என்ற கவலைதான் பலரைக் கெட்ட காற்றில் ஏற வைக்கிறது. அந்தக் கவலையை முன்பே எடுத்துவிட வேண்டும்.

படகில் ஏறுமுன் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கொரு லைஃப் ஜெக்கெட் இருக்கிறதா? பிள்ளைக்குப் பிள்ளை அளவில் இருக்கிறதா? பெரியவரின் ஜெக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜெக்கெட் மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். கொக்கி, வார் எல்லாம் வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். தாத்தாமார், தங்கச்சிமார் அபாயாவுக்கு மேலே ஜெக்கெட் போட வெட்கப்பட வேண்டாம். உள்ளே போட்டால் தேவைப்படுகிற நேரத்தில் உதவாது. நீளமான அகன்ற உடுப்பு நனைந்தால் கல் மாதிரிக் கனக்கும். அன்றைக்கு உடலை மூடிய, ஆனால் கால் தடக்காத உடுப்பாகப் பாருங்கள். படகுக்காரரின் நம்பரும், எத்தனை பேர் போகிறோம் என்ற விவரமும் கரையில் அல்லது வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், இரண்டையும் ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள்.

தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலை சுமார் ஒரு கிலோமீற்றர்தான். 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகுகிற இடமாக இருந்த தீவு இன்று முருகைக்கல்லும் மீனும் பாதுகாக்கிற இடம். முருகைக்கல் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிர். ஒரு கால் மிதித்து உடைப்பதை அது திரும்ப வளர்க்க வருடக்கணக்கில் ஆகும். அதன் மேல் ஏறி நின்று ஃபோட்டோ எடுக்காதீர்கள். சோற்றுப் பொதி, போத்தல், ஷொப்பிங் பேக், கொண்டுபோன எல்லாவற்றையும் எண்ணிக் கொண்டு வாருங்கள். நம்ம ஆட்கள் போய் வந்த இடம் என்று குப்பை சாட்சி சொல்லக் கூடாது.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. 2021க்குப் பிறகு "இனித் தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்று பிள்ளைகளைக் கட்டிப்போட்ட உம்மாமார். அவர்களோடு நாங்கள் வாதாட வரவில்லை. அந்தப் பயத்துக்கு உரிமை உள்ளவர்கள் அவர்கள். ஆனால் ஆசிரியர்களாக ஒன்று சொல்ல வேண்டும். கடலும் களப்பும் ஆறும் சூழ்ந்த ஊரில் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எத்தனை நாளைக்கு மறைப்பது? ஒரு நாள் கூட்டாளிமாரோடு சொல்லாமல் போவான். அன்று அவனுக்கு நீந்தத் தெரியாது, ஜெக்கெட்டும் இருக்காது. பயம் பிள்ளையைத் தூரத்தில் வைக்கும், காப்பாற்றாது. நம்ம வாப்பா, மாமா, காக்கா கூட்டிப் போய், எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கிக் காட்டினால், பிள்ளை அந்த எண்ணிக்கையையும் சேர்த்துப் படிக்கும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் நீச்சல் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒரு ஏற்பாடு வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் முடியாத காரியம் இல்லை.

படகுக்காரர்களின் பக்கத்தையும் பாருங்கள். 2019க்குப் பிறகு உல்லாசப் பயணிகள் இல்லை, பிறகு கொரோனா, பிறகு 2022இல் எண்ணெய் வரிசை. வருடத்தில் நாலைந்து மாதம் உழைத்து முழு வருடமும் சாப்பிடுகிற தொழில் அது. பக்கத்து ஊரிலிருந்து போகிற நாம் நியாயமான காசு கொடுக்காமல், ஆட்களையும் கூட்டி ஏற்றச் சொல்லி நெருக்கினால், ஒரு நாள் ஒருவர் வயிற்றுக்காகச் சம்மதித்துவிடுவார். எது நடந்தாலும் பழி அவர் மேல் விழும். நெருக்கினது நாம்தான் என்பதை ஒருவரும் எழுத மாட்டார்கள்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஏறுகிறவர்களுக்கும் ஒன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பது மதரஸாவில் முதலில் படித்த பாடங்களில் ஒன்று. ஜெக்கெட்டின் வாரை இறுக்கிவிட்டுப் பயண துஆவை ஓதுங்கள். இரண்டும் வேண்டும்.

எங்கள் நாலு குடும்பமும் இந்த மாதத்திலிருந்து அடுத்த பயணத்துக்குச் சீட்டுத் தொடங்கியிருக்கிறோம். கொப்பியின் முதல் பக்கத்தில் முதல் வரி, "படகு இரண்டு." அதற்குக் கீழேதான் பஸ், சாப்பாடு எல்லாம். எங்கள் வீட்டுச் சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "அந்த மாமாட போட்ல தானே?" என்று கேட்டாள்.

அவருடைய போட்டில்தான், இன்ஷா அல்லாஹ். போய் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

குறிஞ்சாக்கேணியில் பிரிந்த பிள்ளைகளுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் துஆச் செய்துகொள்ளுங்கள்.